அத்தை எந்த வண்டியில்?

2005-ஆம் வருஷம் டிசம்பர் மாதம். அப்போது நாங்கள் ஷார்ஜாவில், ரோலா பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் நாலாவது மாடியில் குடியிருந்தோம். எங்கள் வீட்டுக்காரருக்குத் தொழில்பேட்டையில் ஒரு கராஜில் சூப்பர்வைசர் வேலை. மகனுக்கு எட்டு வயது, மகளுக்கு ஐந்து. அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து என் மாமியார் மூன்று மாத விசிட் விசாவில் வந்திருந்தார். வந்து இரண்டு மாதம் முடிந்திருந்தது.

அத்தை கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஊரில் ஒரு நாளில் நாலு மைல் நடந்து, காட்டு வேலையும் வீட்டு வேலையும் பார்த்தவரை ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்குள் உட்கார வைத்தால் என்ன ஆகும்? கையும் காலும் சும்மா கிடந்ததால் வாய் மட்டும்தான் வேலை செய்தது. விடிந்ததிலிருந்து பேசுவார். நான் மாவு அரைத்தால் உளுந்து கூடிப்போச்சு என்பார். துணி காயப்போட்டால் இப்படியா உதறுவாங்க என்பார். மகள் மெலிந்திருப்பதற்கு நான்தான் காரணம், மகன் தமிழ் பேசாமல் இங்கிலீஷில் கத்துவதற்கும் நான்தான் காரணம். முதல் மாதம் பதிலுக்குப் பதில் பேசிப் பார்த்தேன். இரண்டாவது மாதம் ஒரு வழி கண்டுபிடித்தேன். அவர் என்ன சொன்னாலும் திரும்பிப் பார்க்காமலே ஒரு ‘ம்’ போட்டுவிடுவேன். காதில் விழும், மனதில் ஏறாது.

எங்கள் எதிர் வீட்டில் கீழக்கரைக்காரர் குடும்பம். அந்த பாய் அடுத்த தெருவில் சின்னதாக ஒரு மளிகைக்கடை வைத்திருந்தார். அவர் மனைவியை நான் லாத்தா என்று கூப்பிடுவேன், அவர்கள் ஊரில் அக்காவை அப்படித்தான் சொல்வார்கள். அவர்களுக்கு மூன்று பிள்ளைகள். பாய்க்குப் பழைய இடங்கள் என்றால் உயிர். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் பேப்பரில் வரும் கோட்டை, கல்லறை, பழைய பள்ளிவாசல் படங்களையெல்லாம் கத்தரித்து வைத்துக்கொண்டிருப்பார். தேசிய தின விடுமுறைக்கு அவர்தான் யோசனை சொன்னார்.

“புள்ளைங்க இந்த ஊர்ல ஷாப்பிங் மாலைத் தவிர ஒண்ணும் இல்லைன்னு நெனச்சுக்கிட்டு வளருதுங்க. மலீஹாவுல நாலாயிரம் வருஷத்துக்கு முந்தின கல்லறை ஒண்ணு இருக்கு. அதைப் பாத்துட்டு, மலையைத் தாண்டிப் போனா பிதியாவுல மண்ணுல கட்டின பழைய பள்ளிவாசல். நான் அங்க மதியத் தொழுகை, லுஹர், தொழுதுக்கிறேன். சாப்பிட்டுட்டுக் கடலைப் பாத்துட்டு வந்துடலாம்.”

அத்தைக்கு இது பிடிக்கவே இல்லை. நல்ல நாளும் அதுவுமாகக் காசைச் செலவழித்துக்கொண்டு யாராவது சமாதியைப் பார்க்கப் போவார்களா என்று முந்தின நாள் முழுக்க முனகினார். தனியாக வீட்டில் விடமுடியாது என்பதால் கிளம்ப வைத்தோம்.

காலை எட்டு மணிக்கு இரண்டு வண்டிகளும் புறப்பட்டன. பாயுடையது எட்டு பேர் உட்காரும் பெரிய வண்டி. ஐந்து பிள்ளைகளும் அதில்தான் போவோம் என்று அடம் பிடித்து ஏறிக்கொண்டார்கள். எங்கள் பழைய காரில் வீட்டுக்காரர் ஓட்ட, முன் சீட்டில் அத்தை. பின் சீட்டில் சாப்பாட்டு மூட்டைகளோடு நான். நாலு மணிக்கே எழுந்து எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்திருந்தேன். வண்டி ஷார்ஜாவைத் தாண்டுவதற்குள், சாதத்தில் புளிப்பு கூடியிருக்கும், வாசனையிலேயே தெரிகிறது என்று அத்தை ஆரம்பித்துவிட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே மணல் வெள்ளையிலிருந்து மெல்ல மெல்லச் செங்கல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது.

மலீஹாவில் அப்போது இன்றைக்கு இருப்பதுபோல் வசதி எதுவும் கிடையாது. ரோட்டை விட்டு இறங்கி மண் பாதையில் கொஞ்ச தூரம் போனால் ஒரு கம்பி வேலி, ஒரு பலகை, அவ்வளவுதான். வேலிக்குள் வட்டமாக ஒரு கட்டடத்தின் அடிச்சுவர் மட்டும் மிச்சம் இருந்தது. வெளிப்பக்கக் கற்களை ஒன்றோடு ஒன்று இடைவெளி தெரியாமல் செதுக்கிப் பொருத்தியிருந்தார்கள். உள்ளே சின்னச் சின்ன அறைகள். சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லை. தூரத்தில் ஒரு கருத்த மலை. காற்று மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

பாய் பலகையைப் படித்துப் பிள்ளைகளுக்கு விளக்கினார். ஒரே ஆளுக்காகக் கட்டியது இல்லை, வம்சம் வம்சமாக அத்தனை பேரையும் இதே இடத்தில்தான் வைத்திருக்கிறார்கள் என்றார். பிள்ளைகள் கேட்டார்களோ என்னவோ, வேலிக்கு வெளியே நின்றிருந்த அத்தை கேட்டுவிட்டு மெதுவாக உள்ளே வந்தார். சுவரை எட்டிப் பார்த்தார்.

“உள்ள இன்னும் இருக்காகளா?”

“இல்லம்மா. எலும்பையெல்லாம் எடுத்து ஆராய்ச்சிக்குக் கொண்டு போயிட்டாங்க.”

“சேந்து கெடந்தவுகளப் பிரிச்சுக் கொண்டு போயிட்டாகளாக்கும்” என்றார் அத்தை.

எனக்கு அதெல்லாம் யோசிக்க நேரமில்லை. மகன் மணலை அள்ளி பாயின் சின்ன மகள் தலையில் போட்டுவிட்டான். அவள் அழ, என் மகள் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு அழ, நான் குனிந்து மணலைத் துழாவிக்கொண்டிருந்தேன். அப்போது அத்தை என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். சமாதிக்கு வந்த காலோடு வண்டியில் ஏறக்கூடாது, தலையில் ரெண்டு சொட்டுத் தண்ணியாவது தெளித்துக்கொள்ள வேண்டும், இருக்கிற தண்ணியைக் கொடு என்றார். அது பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர், தர முடியாது என்றேன்.

“அந்தா மரம் தெரியுதுல்ல, தோட்டம் மாதிரி. அங்கன தண்ணி இருக்கும். ஒரு எட்டுல போயி காலை நனைச்சிட்டு வந்துர்றேன். வண்டிய எடுத்துராதீக.”

நான் ‘ம்’ என்றேன். நிமிரவில்லை.

செருப்பு கிடைத்தது. பிள்ளைகளை வண்டியில் ஏற்றுவது ஒரு பெரிய போராக இருந்தது. பாய் கதவோரம் நின்று தலையை எண்ணினார். “அஞ்சு! சரியா இருக்கு. யல்லா, கிளம்பலாம்” என்று கதவை மூடினார். எங்கள் வீட்டுக்காரர் காரை ஸ்டார்ட் செய்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அம்மா எங்க?”

பாயின் வண்டிக்குக் கறுப்புக் கண்ணாடி. பின் சீட்டில் வெள்ளையாக என்னவோ தெரிந்தது. அத்தை எப்போதும் வெளிர் நிறச் சேலைதான் கட்டுவார். லாத்தாவும் அன்றைக்கு வெள்ளைத் துப்பட்டிதான் போட்டிருந்தார். எந்த வெள்ளை என்று நான் பார்க்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அத்தை தோட்டத்துக்குப் போனது அந்த நிமிஷம் என் ஞாபகத்தில் இல்லை. ஆனால் அது அத்தையாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று நினைத்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

“அவங்க வண்டியில ஏறிட்டாங்க. பாத்தேன்” என்றேன்.

முன் சீட்டில் போய் உட்கார்ந்தேன். இரண்டு மாதம் கழித்து அவர் பக்கத்தில். அவர் சிரித்தபடி பாட்டுப் போட்டார். எவ்வளவு அமைதி! நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டேன். தைத் என்ற ஊரைத் தாண்டி மலைப்பாதை தொடங்கியது. பாறைகளுக்கு நடுவே ரோடு வளைந்து வளைந்து போனது. கல்யாணமான புதிதில் பேசியதுபோல் பேசிக்கொண்டே போனோம். நடுவில் ஒருமுறை பாய் போன் செய்து, பிள்ளைகளெல்லாம் தூங்கிவிட்டார்கள், நிற்காமல் போய்விடலாம் என்றார். சரி என்றோம். அப்புறம் மலைக்குள் சிக்னல் இல்லை. அந்த வருஷத்திலேயே நான் சந்தோஷமாக இருந்த ஒன்றேகால் மணி நேரம் அதுதான். அதை இன்றைக்கும் வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

பிதியா பள்ளிவாசல் ரோட்டோரமாக, ஒரு சின்னக் குன்றின் அடியில் இருக்கிறது. நாலு சின்னக் கும்மட்டங்கள். மண்ணும் கல்லும் குழைத்துக் கட்டிய சுவர். மினார் கிடையாது. மினுமினுப்பு ஒன்றும் கிடையாது. நாங்கள் போய் நின்றபோது பாய் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளூ செய்துவிட்டு, ஈரக் கையோடு வாசலில் நின்றிருந்தார். லாத்தா பிள்ளைகளை எழுப்பி இறக்கிக்கொண்டிருந்தார். நான் சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போனேன். லாத்தா என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“தங்கச்சி, அம்மா இறங்கலையா? தூங்கிட்டாங்களா?”

வண்டியை எடுத்துராதீக என்று அத்தை சொன்னது அப்போதுதான் எனக்குக் கேட்டது. ஒன்றேகால் மணி நேரத்துக்கு முன்னால் சொன்னது, அப்போதுதான் கேட்டது.

எங்கள் வீட்டுக்காரர் பாயின் வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். சீட்டுக்கு அடியில்கூடப் பார்த்தார், பாவம். அத்தையிடம் போன் கிடையாது. எங்கள் நம்பர் மனப்பாடம் கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாது. தமிழைத் தவிர ஒரு வார்த்தை தெரியாது. பாஸ்போர்ட் ஷார்ஜாவில் அலமாரியில் இருந்தது. சர்க்கரை வியாதி வேறு, அரை நாள் சாப்பிடாமல் இருந்தால் மயக்கம் வரும். டிசம்பர்தான் என்றாலும் உச்சி வெயில், நிழலே இல்லாத மணல்.

பாய்க்குத் தொழுகை நேரம். பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு கணம் வாசலைப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டினார்.

“அது அப்புறம். ஏறுங்க தம்பி. உங்களால இப்ப முடியாது, நான் ஓட்டுறேன்.”

லாத்தா ஐந்து பிள்ளைகளையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “நான் பாத்துருக்கணும். கிளம்புறப்ப அங்க யாரும் நிக்கிறாங்களான்னு ஒரு தடவ திரும்பிப் பாத்துருக்கணும். என் தப்பு, தங்கச்சி” என்று அழுதார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல், கையிலிருந்த கூடையோடு எங்கள் வண்டியில் ஏறினேன்.

திரும்பிப் போகும் வழியில் வீட்டுக்காரர் பின்னால் திரும்பி என்னைக் கேட்டார்.

“நீ நிஜமாவே பாத்தியா? ஏறினதப் பாத்தியா?”

“வெள்ளையாத் தெரிஞ்சுது. அவங்கன்னுதான் நெனச்சேன்.”

அதுவரை சரி. அதோடு சேர்த்து, “தோட்டத்துக்குப் போறேன்னு என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாங்க” என்றும் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் தேடும் இடமாவது தெரியுமே! நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. “அங்க மரமெல்லாம் இருந்துச்சே, நிழலுக்கு அந்தப் பக்கம் போயிருப்பாங்க” என்று மட்டும் சொன்னேன். தைத் பக்கம் வந்து சிக்னல் கிடைத்ததும் போலீசுக்குச் சொல்லிவிடலாமா என்று பாய் கேட்டார். இருபது நிமிஷம்தான், முதலில் போய்ப் பார்ப்போம் என்றார் இவர். அந்த இருபது நிமிஷத்தில் நான் கும்பிடாத சாமி இல்லை.

மண் பாதையில் திரும்பியதும் தூரத்திலிருந்தே பார்த்தேன். கல்லறையின் வேலி வாசலில் ஓர் ஆள் தனியாக உட்கார்ந்திருந்தார். அத்தை இல்லை. நீளமான சட்டை, பெரிய முண்டாசு, நரைத்த தாடி. பாகிஸ்தான் பக்கத்துப் பட்டாணிக்காரர் ஒருவர். வேலியில் ஒரு கம்பை நட்டு, அதில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டியிருந்தார். அது காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் வண்டியைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

இவர் வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடினார். அந்த ஆள் கையைக் காட்டி நிறுத்தி, “அம்மா?” என்று கேட்டார். “அம்மா டீக் ஹை. டீக் ஹை” என்றார். அம்மா நன்றாக இருக்கிறார்கள் என்று அவர் சொன்னதும் இவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தத் தோட்டத்தில் வேலை பார்ப்பவர் அவர். பாய்க்கு இந்தி நன்றாக வரும். தோட்டத்துக்கு நடந்துபோகிற வழியில் இரண்டு பேரும் பேசியதிலிருந்து நடந்தது தெரிந்தது. அத்தை கால் கழுவிக்கொண்டிருந்தபோது வண்டிகள் கிளம்பியிருக்கின்றன. அவரும் அத்தையும் கத்திக்கொண்டே ஓடி வந்திருக்கிறார்கள். புழுதிதான் மிச்சம். ரோட்டில் போகிற யாருடைய வண்டியிலாவது ஏற்றி அனுப்பிவிடலாமே என்று அவர் கூட்டாளி சொல்லியிருக்கிறார். பட்டாணிக்காரர் விடவில்லை. விட்ட இடத்துக்குத்தான் தேடி வருவார்கள், இங்கிருந்து நகர்த்தினால் பிறகு பிடிக்கவே முடியாது என்று சொல்லிவிட்டு, அத்தையை மர நிழலில் கட்டிலில் உட்கார வைத்திருக்கிறார். நாங்கள் தோட்டத்தைக் கவனிக்காமல் கல்லறையை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடக்கூடாதே என்று, தான் போய் வேலி வாசலில் உட்கார்ந்துவிட்டார். இரண்டரை மணி நேரம், அந்த வெயிலில்.

நடந்துகொண்டே வந்தவர் நின்று, எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்து இந்தியில் என்னவோ கேட்டார். குரலில் கோபம் இல்லை. எனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. பாய் தமிழில் சொல்லத் தயங்கினார். பிறகு சொன்னார்.

“அவங்க ஊர்ல ஆட்டை வண்டியில ஏத்தினாக்கூட எண்ணித்தான் ஏத்துவாங்களாம். உங்க ஊர்ல எண்ண மாட்டீங்களான்னு கேக்குறாரு.”

இவர் தலையைக் குனிந்துகொண்டார். உண்மையில் குனிந்திருக்க வேண்டியது என் தலை.

அத்தை கட்டிலில் இல்லை. பட்டாணிக்காரர் சிரித்துக்கொண்டே கையைக் காட்டினார். பேரீச்சை மரங்களுக்கு நடுவில் வெங்காயப் பாத்தி. அதில் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, தலையில் யாருடையதோ ஒரு துண்டோடு, குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார் அத்தை. வரப்போரம் பிடுங்கிய களை ஒரு குவியல் கிடந்தது. பக்கத்தில் நின்ற வாலிபன் ஒருவனிடம், தண்ணியை இம்புட்டு விடாதே, வேர் அழுகிப் போகும் என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். அவனும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தார். அந்த இரண்டு மாதத்தில் ஒரு நாளும் அவர் முகம் அவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்ததில்லை. இந்த மனுஷியை நாலாவது மாடியில் அடைத்து வைத்துவிட்டு, ஏன் ஓயாமல் பேசுகிறார் என்று சலித்துக்கொண்டிருந்தோமே என்று அங்கேதான் எனக்கு உறைத்தது.

ஆனால் பக்கத்தில் போனதும் கன்னத்தில் கண்ணீர் காய்ந்த கோடு தெரிந்தது.

பயமெல்லாம் போனதும் எங்கள் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. ஆண்களுக்கு அப்படித்தானே வரும்.

“ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக்கூடாதாம்மா? யார்கிட்டயும் சொல்லாம கொள்ளாம இப்படியா போவ? உனக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் என்ன பண்ணுவேன்?”

அத்தை அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். ‘இவகிட்ட சொல்லிட்டுத்தான்டா போனேன்’ என்று ஒரு வார்த்தை போதும். இரண்டு மாதமாக என்னைப் பற்றிச் சொல்ல ஏதாவது ஒன்றைத் தேடிக்கொண்டே இருந்தவருக்கு, தானாக வந்து விழுந்த பெரிய குற்றம் அது.

“என் தப்புதான்டா” என்றார். “பக்கத்துலதானன்னு நெனச்சேன். யார்கிட்டயும் சொல்லத் தோணல.”

சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய் மறுபடியும் கால் கழுவினார்.

கிளம்பும்போது எலுமிச்சை சாதக் கூடையைப் பட்டாணிக்காரரிடம் கொடுத்தோம். அதைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். அத்தை அவர் முன்னால் நின்று, “நல்லா இருப்பா. ஒம் புள்ளைக நல்லா இருக்கும்” என்றார். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். வண்டியில் ஏறியதும் அத்தை, “டீத்தண்ணியில ரெண்டு கைச் சீனி போட்டுட்டான் பாவி. வேண்டாங்கவும் முடியல. இன்னிக்கு மாத்திர சேத்துப் போடணும்” என்றார். அதைக் கேட்டுத்தான் நாங்கள் முதன்முதலாகச் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருந்த இவர் திடீரென்று ஸ்டீயரிங்கில் இருந்த பாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். பாய் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

பிதியாவுக்குத் திரும்பிப் போனபோது பிற்பகல் மூன்று மணி. பிள்ளைகள் பசியில் துவண்டிருந்தார்கள். லாத்தா ஓடி வந்து அத்தையைக் கட்டிக்கொண்டு, “மன்னிச்சிருங்கம்மா, நான் பாக்காம விட்டுட்டேன்” என்றார். அத்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை. “நீ என்னத்தா பண்ணுன?” என்று அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். பாய் உள்ளே போய்த் தொழுதுவிட்டு வந்தார். அப்புறம் லாத்தா அத்தையின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். நானும் பின்னாலேயே போனேன். சின்ன இடம். நடுவில் ஒரே ஒரு தூண், அத்தனை கும்மட்டத்தையும் அது ஒன்றுதான் தாங்கிக்கொண்டிருந்தது. வெளிச்சம் சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாக வந்து விழுந்தது. வெளியே அடித்த காற்றின் சத்தம் உள்ளே துளிகூட இல்லை. அத்தை சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். குளுமையாக இருக்கிறது என்றார். நானும் என் கையை அந்தச் சுவரில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

வீட்டுக்கு வந்தபின் இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய், இவரும் வேலைக்குப் போனபின், அத்தை அடுக்களையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

“அத்தே, நீங்க என்கிட்ட சொல்லிட்டுத்தான போனீங்க.”

“ஆமா.”

“அவர்கிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?”

அத்தை கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நான் இன்னும் இருபது நாள்ல ஊருக்குப் போயிருவேன். நீங்க ரெண்டு பேரும்ல இந்த மணல்காட்டுல ஒண்ணா இருக்கணும். இதைச் சொன்னா அவன் ஆயுசுக்கும் மறக்க மாட்டான். என் மகன் எனக்குத் தெரியாதா?”

நான் அழுதேன். அவர் தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. அழுது முடிக்கும் வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார். “வண்டி போறப்ப நான் கத்துனேன். காத்துல கேக்கலன்னு இவுக எல்லாரும் சொல்றாக. நீ அதுக்கு முன்னாலயே கேக்கலம்மா. அதான் எனக்குச் சங்கட்டமாப் போச்சு.”

அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. அடுத்த நிமிஷமே கீரைத் தண்டைத் தூக்கிப் போடாதே, கூட்டு வைக்கலாம் என்று ஆரம்பித்துவிட்டார். அந்த இருபது நாளும் அவர் சொன்னதையெல்லாம் நேருக்கு நேர் பார்த்துக் கேட்டேன். எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன். இரண்டு தடவை சண்டைகூடப் போட்டோம். வெள்ளிக்கிழமைதோறும் அவரைப் பூங்காவுக்கும் காய்கறிச் சந்தைக்கும் கூட்டிப்போனேன். பால்கனியில் நாலு தொட்டி வாங்கி வைத்தேன், வெந்தயம் போட்டு முளைக்க வைத்தார்.

லாத்தாவிடமும் போய் உண்மையைச் சொன்னேன். அத்தையைப்போல் அவர் பெருந்தன்மையாக இருக்கவில்லை. “ரெண்டு நாளா நான் தொழுகையில அழுதுக்கிட்டு இருந்தேனே, நீ பாத்துக்கிட்டு இருந்தியே” என்று கதவைச் சாத்திவிட்டார். அவர் கோபம் நியாயம்தான். ஐந்தாறு நாள் பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் மாலை ஒரு கிண்ணத்தில் வட்டலப்பம் கொண்டுவந்து அத்தையிடம் கொடுத்துவிட்டு, இவங்களுக்குச் சீனி ஆகாது, நீ சாப்பிடு என்று என்னைப் பார்க்காமலே சொன்னார். இன்றைக்கும் எங்களுக்குள் போன் பேச்சு உண்டு.

நாங்கள் ஊருக்குத் திரும்பிப் பல வருஷம் ஆகிறது. அத்தை காலமாகி நாலு வருஷம். கடைசி வரை அவர் இதை மகனிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்காரர் வாசகர்கள் எழுதும் இந்தப் பகுதியைத் தவறாமல் படிப்பவர், இதைப் படிக்கும்போதுதான் அவருக்கே தெரியப்போகிறது. படித்துவிட்டு என்ன சொல்வாரோ, சொல்லட்டும். தன்னை நட்டநடு மணலில் விட்டுவிட்டு வந்தவளைக் காட்டிக்கொடுக்காமல், பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு குழாயடிக்கு நடந்துபோன அந்த மனுஷி எனக்குக் கொடுத்துவிட்டுப் போன நல்ல பெயரை இத்தனை வருஷம் வைத்துக்கொண்டிருந்தது போதும் என்று தோன்றுகிறது.